பின்னுக்கு நடந்த மயிலை

தை 14, வெள்ளி.

மேட்டூர் கரண்டில் கிணற்று மோட்டார் நன்றாக ஓடுகிறது. வயலெல்லாம் பச்சை. மோட்டார் வருமுன், முன்னால் நடந்து கிணற்று நீரை இழுத்தும் பின்னுக்கு நடந்து தோல்பையை இறக்கியும் கவலை இறைத்த மாடுகளில் கிழடான மயிலையை இன்று விற்றேன். வியாபாரி இழுக்க, வாசல்வரை போய், கவலையில் பழகியபடி பின்னுக்கே நடந்து தொழுவம் சேர்ந்தது.

"ஏனுங்க, உங்க மாட்டுக்கு முன்னால போகவே தெரியாதுங்களா?" என்று வியாபாரி சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் நான் கெட்டிக்காரன்.

மகள் வள்ளி சிரிக்கவில்லை. "அடிமாட்டுக்குங்களாப்பா?"

"இல்ல சாமி, உழவுக்கு."

அவள் நம்பவில்லை. உள்ளே போய்விட்டாள்.

நீர் இறைக்கும்போது பாடும் கவலைப் பாட்டுக் கேட்டால் மயிலை முன்னால் போகும். பாட்டு நின்றால் பின்னுக்கு வரும். வேறு வழியில்லாமல் பாடினேன். என் கழுதைக் குரலை நம்பி நடந்தது. நிறுத்தினால் திரும்பிவிடுமே என்று, அது ரோட்டு முக்கைத் தாண்டும்வரை பாடிக்கொண்டே நின்றேன்.