இரண்டாவது கோட்

ஜூன் 4

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

நான் நலம். எனக்கு அறை கிடைத்ததாக எழுதியிருந்தேனே, அது நாளாக நாளாகப் பிடித்துப்போகிறது. சுவர் இளம் பச்சை. விடிந்ததும் ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் விழுகிறது. மாடிப்படி வளையும் இடத்தில் வாலு உட்கார்ந்து படிக்கலாம். உன் அண்ணன் வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. பள்ளி திறப்பதற்குள் உங்களை அழைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை வழக்கம்போலப் பெயின்ட் கடை விலாசத்துக்கே போடு. இங்கே தபால்காரர் சரியில்லை.

அன்புடன்,
வாலுவின் அப்பா

ஜூன் 11

என்னங்க,

கடிதம் வந்தது. நீங்கள் எழுதுவதை வைத்து வாலு நம் வீட்டைப் படம் வரைகிறாள். முதலில் மஞ்சள் சுவர், பிறகு நீலம், இப்போது பச்சை. "அப்பா பெயின்டர்தானே, நமக்காக மாத்தி மாத்தி அடிக்கிறாரு" என்கிறாள். சுவரை மாற்றி அடிக்கலாம். ஒற்றை அறைக்கு மாடிப்படியை எந்தப் பிரஷ்ஷால் அடித்தீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உங்களுக்கு வராது.

இங்கே யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அண்ணி டிவியை அணைக்கும்வரை ஹாலில் பாய் விரிக்க முடியாது. நம் வாலுவுக்கு வாலே போய்விட்டது. சத்தமில்லாமல் நடக்கிறாள். தண்ணீர் குடிக்கக்கூட, "குடிக்கட்டுமா அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறாள். துணிப்பையைப் பிரிக்க விடமாட்டேன் என்று அதையே தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.

நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்? உண்மையை எழுதுங்கள். பொய் வீட்டில் என்னால் குடியிருக்க முடியாது.

வாலுவின் அம்மா

ஜூன் 17

அன்புள்ள வாலுவின் அம்மாவுக்கு,

அறை இல்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நமக்கு ஆமை வரவில்லை, கோர்ட் உத்தரவோடு அமீனாவே வந்தான். அவன் நம் பாத்திரங்களைத் தெருவில் வைத்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு கதவு இல்லை. பெயின்ட் அடிக்கும் வீடுகளில்தான் படுக்கிறேன், இன்னும் யாரும் குடிவராத வீடுகள். மேஸ்திரி கண்டும் காணாமல் இருக்கிறார். மஞ்சளும் நீலமும் பச்சையும் அந்த வீடுகள்தான். உனக்கு எழுதும்போது எந்த வீட்டில் இருக்கிறேனோ அதை நம்முடையதாக எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் அது பொய்யாகத் தெரிவதில்லை.

வெளியே ஒரு வண்டி நின்றாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வேலை முடிந்தால் படுக்கிற இடம் போய்விடும். அதனால் காய்ந்த சுவரையும் காயவில்லை என்கிறேன். "என்னய்யா, சுவத்துக்குத் தாலாட்டா பாடிட்டிருக்க?" என்று மேஸ்திரி திட்டுகிறார். வேகமான கை என்று பேர் வாங்கியவன் நான். இப்போது இருப்பது வெள்ளை வீடு. முதல் கோட் முடிந்துவிட்டது, இரண்டாவதை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன். வாலுவிடம் மட்டும் சொல்லாதே. அவளாவது அந்த வீட்டில் இருக்கட்டும்.

அவள் அப்பா

ஜூன் 21

என்னங்க,

கோபம்தான். அழுதும் பார்த்தேன், ஆறவில்லை. சொல்லாதே என்றீர்கள், சொல்லிவிட்டேன். வாலு படங்களை அடுக்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பாவும் கேட்டுட்டுத்தான் தண்ணி குடிக்கிறாரா?"

கிளம்புகிறோம் என்று அன்றே அண்ணனிடம் சொன்னேன். "எங்கம்மா போவ?" என்றான். "அவர் இருக்கிற இடத்துக்கு" என்றேன். அண்ணி தடுக்கவில்லை. வழிக்குச் சாப்பாடு கட்டித் தருவதாகச் சொன்னாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவளைக் குறை சொல்லியும் பயனில்லை, அவள் ஹால் அவளுக்கு வேண்டும்.

சுவரில் உப்புத்தாள் தேய்க்க இன்னொரு ஆள் வருவதாக மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள். இரண்டு பேர் கூலி வந்தால் ஓர் அறையை நிஜமாகவே பிடித்துவிடலாம். சுவர் என்ன நிறமாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வோம். வாலு பையைப் பிரிக்கவே இல்லை, அதனால் கட்டுகிற வேலையும் இல்லை.

மேஸ்திரி திட்டினால் உங்களுக்கு ரோஷம் வந்துவிடும், எனக்குத் தெரியும். திட்டினால் திட்டட்டும். இரண்டாவது கோட்டை மெதுவாகவே அடியுங்கள். நாங்கள் வருவதற்குள் அந்த வீட்டை முடித்துவிடாதீர்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா