பட்டினி போட்ட கோச்

அன்புள்ள மாமாவுக்கு, உங்க பொண்டாட்டி அமுதவல்லி எழுதறேன். நல்லா இருக்கீங்களா? அத்தைக்கு மூட்டு வலி தேவலைங்களா? போன்ல பேசினா கத்திருவேன், அதான் எழுதறேன்.

பயப்படாதீங்க, பெருசா ஒண்ணுமில்லை. பளு தூக்கற போட்டிக்கு எடையைக் கொறைக்கணும்னு ஜிம் கோச் சோறு தண்ணியையே நிறுத்தச் சொன்னாரு. நானும் அவர் பேச்சைக் கேட்டுப் பட்டினி கெடந்தேன். முந்தாநேத்து தோள்ல பாரத்தோட உக்காந்தவ அப்படியே மயங்கிட்டேன். ரூம்ல கூட இருக்கற ஜாஸ்மின்தான் கம்பியைப் பிடிச்சா. அந்தாளு, "பொம்பளைங்களுக்கு நடிக்கவா சொல்லித் தரணும்"னு சிரிச்சான்.

"வெறும் வயித்துல நீ தூக்குடா பாக்கலாம்!"னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டு, வேற ஜிம்முல சேந்துட்டேன். எடை கொறைக்க மாட்டேன். அடுத்த எடைப் பிரிவுலயே நிப்பேன். முட்டையும் களியும் போதும். நம்ம காட்டு நிலக்கடலை, வறுத்த கொள்ளு ரெண்டையும் அரூர்ல சென்னை பஸ்ஸுல குடுத்து விடுங்க. உங்க பழைய சட்டை ஒண்ணும் வைங்க, ஜிம்முக்குப் போட்டுக்கறேன். துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்குது. உங்க மேலயும் கோவம்தான். போன் எடுத்தாலே நீங்களும் அந்தக் கோச்சாட்டம் "எளச்சிட்டியா?"ன்னுதான் கேக்கறீங்க. ஒரு நாளாவது "சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க மாமா.

அமுதவல்லி