நாலில் ஒன்று

பிப்ரவரி 5, புதன்

மரபணுவியல் விடைத்தாள்களைத் திருத்தினேன். கேள்வி ரொம்பச் சாதாரணம். பெற்றோர் இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கேரியர், அதாவது நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்; முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது. அடுத்ததற்கு வர வாய்ப்பு எவ்வளவு? முக்கால்வாசிப் பேர் எழுதியது: "நாலில் ஒன்றுக்கு வரும். முதலாவதற்கே வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது."

நர்சிங் இறுதியாண்டு! அடுத்த மாதம் கல்வராயன் மலை முகாமில் இவர்கள்தான் தாய்மார்களுக்கு விளக்கப்போகிறார்கள்.

வீட்டில் என் கணவர் சுபாஷும் இதையேதான் சொல்கிறார். "இலக்கியாவுக்கு வந்துடுச்சில்ல, இதுக்கு வராது. சும்மா பயந்துக்கினு இருக்காத." மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் மகள். வயிற்றில் இன்னொன்று, பத்து வாரம். கருவிலேயே பார்த்துவிடலாம், புதுச்சேரிக்குப் போகவேண்டும். வரமாட்டாராம். நான் யாரைத்தான் திருத்துவது?

பிப்ரவரி 7

முதல்வர் பாக்கியம் மேடம் கூப்பிட்டார். "இன்னாம்மா இவ்ளோ ஃபெயிலு? டிக் போடற மாதிரி வேற கேள்வி குடு." கொடுத்தேன். எல்லோரும் பாஸ். தூ.

பிப்ரவரி 8

இலக்கியாவுக்குக் காய்ச்சல். எழுத முடியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மேடத்தைக் கேட்காமலே வாய்மொழித் தேர்வு வைத்தேன். மூத்த மகளுக்குத் தலசீமியா, மனைவி மறுபடி கர்ப்பம்; அப்படி ஒரு தகப்பனிடம் மாணவிகள் பேசிப் புரியவைக்க வேண்டும். தகப்பனாக உட்காரவேண்டிய கிளார்க் தீனதயாளன் லீவு. நான் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு வந்த சுபாஷை உட்காரவைத்தேன். மனுஷன் நடிக்கவே இல்லை.

"ஒன்னுக்கு வந்துடுச்சும்மா. இன்னும் மூணு சேஃப்தான?"

"ஆமாங்க சார், கவலப்படாதீங்க!" என்றாள் முதலில் வந்த ஷைனி. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! நான் போட்ட பூஜ்யத்தில் தாளே கிழிந்தது.

அடுத்து அபிநயா. எங்கள் விஷயம் அவளுக்குத் தெரியாது.

"அக்காவுக்கு வந்தது வயித்துல இருக்கறதுக்கு எப்படி சார் தெரியும்? புள்ளைங்க பேசி வெச்சுக்கினா வருதுங்க? ஒவ்வொரு வாட்டியும் அதே நாலுல ஒன்னுதான்."

"அப்ப இன்னா பண்றது?"

"டெஸ்ட்டுதான் சார். அவங்கள தனியா அனுப்பாதீங்க, நீங்களும் போங்க."

கச்சிராயபாளையத்தில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்றே அவமானப்படுத்தினேன் என்று நினைக்கிறாரா? நான் வேண்டுமென்று செய்யலியே — செஞ்சேனா?

பிப்ரவரி 13

புதுச்சேரி. பரிசோதனைக்காக ஊசி போட்டு நஞ்சுக்கொடித் திசு கொஞ்சம் எடுத்தார்கள். அவரும் கூட வந்து கையெழுத்துப் போட்டார். முடிவு வர நாளாகும்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, லாரிகளைப் பார்த்தபடியே கேட்டார்:

"நீங்களும் போங்கன்னுச்சே, அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ மார்க் போட்ட?"