மூன்று முறை அழைத்த பெயர்

ஆசை மச்சானுக்கு,

நீ போன இடத்துக்குத் தபால் போகுமா என்று தெரியாததால் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். செஞ்சியில் எல்லாம் பழையபடிதான். ரேஷன் அரிசிக்கு வரிசை நீண்டிருக்கிறது, என் தொப்பை பெருத்திருக்கிறது, கடைத்தெருவில் உன்னைப் பற்றிய பேச்சு மட்டும் இளைத்துவிட்டது.

உன் நாவலை அச்சிட மதராஸில் ஒரு பதிப்பாளர் சம்மதித்தார். சந்தோஷப்படாதே, மேலே கேள். கூப்பிட்டாரே என்று போனால், பிரதி முழுக்கச் சிவப்புப் பென்சில்.

"கோர்ட் டவாலி 'அங்கம்மா, அங்கம்மா, அங்கம்மா'ன்னு கத்தறான், பதில் இல்ல. எல்லா அத்தியாயத்துக்கும் இதே முடிவு. அலுக்காதா சார்? முதல்ல ஒரு தடவை போதும். கடைசியில அவ ஓடி வந்து 'இருக்கேன் சாமி'ன்னு சொல்லட்டும், நிலம் கிடைக்கட்டும். இல்லேன்னா பிரதியை நீங்களே வெச்சுக்குங்க."

ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கென்ன தெரியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று பிரதியோடு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் உன் தங்கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "படிங்க, எங்கண்ணன் இன்னாதான் எழுதிச்சுன்னு கேக்கலாம்" என்றாள். படித்தேன்.

முதல் அழைப்பில் விழுந்து விழுந்து சிரித்தாள். மேல்மலையனூரில் வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு அங்கம்மா என்று அம்மன் பெயர் வைப்பார்கள். அம்மன் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா? அதனால் உன் கதைக்காரி வீட்டில் சின்னப்பாப்பா. பெற்றவளே அங்கம்மா என்று கூப்பிட்டதில்லை. தன் நிலத்தைப் பறித்த பண்ணைக்காரர் மேல் வழக்குப் போட்டுவிட்டு, கோர்ட்டு வாசல் மரத்தடியில் உட்கார்ந்து பக்கத்துக்காரியிடம் சொல்கிறாள்: "பாவம், யாரோ அங்கம்மாவாம். எங்க போய்த் தொலைஞ்சாளோ!"

அடுத்த தடவை அவளுக்குப் பெயர் தெரியும், ஆனால் பஸ் வழியில் நின்றுவிடுகிறது. அதற்கடுத்து, "உன் கேஸ் நாளைக்குத்தான் ஆத்தா" என்று பண்ணைக்காரரின் ஆள் ஒருவன் திருப்பி அனுப்பிவிடுகிறான். டவாலி அதே குரலில் அதே மூன்று முறை. உன் தங்கையின் கை கீரையில் நின்றுவிட்டது. "இருக்கேன்னு சொல்லேண்டி!" என்று காகிதத்தைப் பார்த்துக் கத்தினாள். எதிர்வீட்டுக்காரி எங்களுக்குள் சண்டை என்று எட்டிப் பார்த்தாள். வேறு நாளாயிருந்தால் அவள் நினைத்தது சரிதான்.

கடைசி அத்தியாயத்தில் சின்னப்பாப்பா செத்துப்போகிறாள். கோர்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை. டவாலி கூப்பிடுகிறான்.

உன் தங்கை கீரையை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தானே கூப்ட்டாங்க" என்றாள்.

அடப்பாவி மச்சான்! அழைப்பில் ஓர் எழுத்து மாறவில்லை. கேட்கிற எங்கள் காதைத்தான் மாற்றிவிட்டாய். சட்டம் முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டது. அதன்மேல் குற்றமே இல்லை. அதுதானே அநியாயம்? நீதி என்ற சொல்லை நாவலில் ஒரு இடத்திலும் எழுதாமல் இதை எப்படிச் சொன்னாய்? முதல் அழைப்பை மட்டும் வைத்தால் இது ஒரு மக்குப் பெண்ணின் கதை. திரும்பத் திரும்பக் கூப்பிடக் கூப்பிடத்தான் தப்பு அவளை விட்டு நகர்ந்து கோர்ட்டுப் படி ஏறுகிறது.

"அப்ப மாத்த வேணாம்" என்றாள்.

"மாத்தலேன்னா புஸ்தகம் வராது."

"எங்கண்ணன் பேரு அச்சுல வரணும்னு மலையனூர்ல வேண்டிக்கினேனே" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேற்றத் தெரியவில்லை. வாயை விற்றுச் சாப்பிடுகிற நான், அவள் ஒதுக்கி வைத்த கீரையை ஆய்ந்து முடித்தேன்.

மறுநாள் பதிப்பாளருக்கு முடியாதென்று எழுதிப் போட்டேன். இனி யார் அச்சிடுவார்கள்? தெரியவில்லை. என் காலத்தில் நடக்காமலும் போகலாம். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். பிரதி என் கையில் இருக்கும்வரை, உன் அங்கம்மாவை எவனும் ஜெயிக்க வைத்துவிட முடியாது.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு,
இப்போது உன் நாவலையும் கட்டிக்கொண்டு அழும்
உன் மச்சான்