ஒரு நாள் மேடைக்கு ஒரு டிக்கெட்

புஜைரா

அன்பு மகள் லிண்டாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று டியூட்டி பஸ் ஏறும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறேன். வீடியோவில் பேசலாம்தான், ஆனால் அம்மாவுக்கு வருகிற மாதிரி எனக்குக் கைபாஷை வராது, நீ என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் நெட் அறுந்துவிடும், அதனால் பேப்பரில் எழுதுகிறேன், ரூமில் இருக்கிற கௌஸ் முகம்மது போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான். அம்மாவுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய், சர்க்கரை இருக்கிற உடம்பு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பாள், அந்தப் பேச்சைக் கேட்காதே.

இனி உன் விஷயம். துபாயில் பயிற்சி முடிந்து நீ ஊருக்குப் போகும்போது விசா அடித்து அனுப்புகிறோம் என்று சொன்னவர்கள் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனார்கள் அல்லவா, அதனால் போன வியாழக்கிழமை லீவு போட்டு துபாய்க்கு பஸ் பிடித்து உன் ஆபீசுக்கு நேராகவே போய்விட்டேன். எச்.ஆர். நளினிதான் வந்தாள். டீ கொடுத்தாள், அங்கிள் அங்கிள் என்று நம் தமிழில் இனிக்க இனிக்கப் பேசினாள். உங்க பொண்ணு தங்கம் அங்கிள், அவளுக்காக நாங்க எல்லாமே ரெடி பண்ணோம், ஃபயர் அலாரம் அடிச்சா கண்ணுக்குத் தெரியற மாதிரி லைட் வச்சோம், ஸ்டாஃப் எல்லாருக்கும் சைன் கிளாஸ் எடுத்தோம், கம்யூனிகேஷன்தான் செட் ஆகல என்றாள். அதற்கு முந்தின வாரம் நீ எழுதாமல் இருந்திருந்தால் நானும் நம்பி டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பேன். அவர்கள் படித்தது அரபிக்காரர்களின் கைபாஷை, நீ நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் படித்தது நம் நாட்டுக் கைபாஷை, இதை என்னிடம் சொல்ல உனக்கு இத்தனை மாதம் ஆயிற்று. லீவு நாளில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சிரித்தாயே மக்களே, நான் சங்கடப்படுவேன் என்றுதானே. சரி, எந்தக் கைபாஷை தெரியும் என்று லிண்டாவிடம் முதலில் கேட்டீர்களா என்று நளினியிடம் கேட்டேன். அது தோணல அங்கிள், கிளாஸ் எடுத்த கம்பெனிதான் எல்லாம் பார்த்துக்கிட்டாங்க என்று போனைத் தடவ ஆரம்பித்துவிட்டாள். பந்தல் போட்டு, மேளம் வைத்து, பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்காத கல்யாணம் இது.

நான் விடவில்லை. பி.காம். முதல் வகுப்பில் தேறின பிள்ளை, இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால் கணக்கு வேலை முழுக்கச் செய்வாளே என்றேன். எல்லாரும் பிஸி அங்கிள், யார் உட்கார்ந்து எழுதுவாங்க, அவளும் எல்லாத்துக்கும் தலையாட்டினா, புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சோம், அப்புறம் பில் என்ட்ரி எல்லாம் தப்பாப் போச்சு என்றாள். நீ தலையாட்டினது தப்புதான், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று எழுதி முகத்துக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். ஆனால் இந்த நாட்டில் தலையாட்டாதவன் யார்? எங்கள் ஃபோர்மன் ஹிந்தியில் கத்துவான், பாதி விளங்காது, அச்சா பாய் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவன் கையைப் பார்த்து வால்வைத் திருகுகிறோம். பம்ப் ஓடும்போது எவன் பேசுவதும் எவனுக்கும் கேட்காது, எல்லாம் ஜாடைதான். எனக்கு இதற்குப் பெயர் எக்ஸ்பீரியன்ஸ், உனக்கு இதற்குப் பெயர் கம்யூனிகேஷன் பிரச்சினை. இதை அவளிடம் சொன்னேன், பாவம், அவளும் சம்பளக்காரிதான்.

உன்னிடம் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. வேலை இல்லை, கலாஸ். துணி அடுக்கின பெட்டி இன்னும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது என்று அம்மா சொன்னாள், அதைப் பிரித்துவிடு. ஆடிட்டர் ஆபீசில் கூப்பிட்டார்கள் என்று எழுதினாயே, போய்ப் பார், எனக்குக் காது கேட்காது, எழுதிக் கொடுங்கள், வேலை கொடுங்கள் என்று முதல் நாளே கேள், இரக்கப்பட்டு சும்மா உட்கார வைத்தால் எழுந்து வந்துவிடு.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் கை கூசுகிறது. லிஃப்ட் வரைக்கும் வந்த நளினி, டிசம்பரில் ஒரு விழா இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி என்று எங்களுக்கு அவார்டு தருகிறார்கள், லிண்டா மேடைக்கு வந்தால் நன்றாக இருக்கும், விசிட் விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்றாள். வேலைக்கு வர விசா இல்லை, வேலை கொடுத்தோம் என்று காட்ட விசா உண்டு. என்னைக் கேட்காதே அம்மா, அவளுக்கே எழுதிக் கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் எழுதினால் உனக்குத் தோன்றுகிற பதிலை எழுது, மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடாதே. வந்தால் உன்னை இரண்டு நாள் கண்ணால் பார்க்கலாம், அடுத்த லீவு எனக்கு எப்போது கிடைக்கும் என்றே தெரியவில்லை, உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஆனாலும் என்னைப் பார்க்க என்று மட்டும் வராதே.

தேவமாதா உனக்குத் துணையாக இருப்பாள். அம்மாவின் கண்ணை மறந்துவிடாதே, டாக்டர் சொன்னதை எழுதி அனுப்பு.

உன் அப்பா,
வில்பிரட்