இறால் வடையில் ஒரு வீதம்

ஓகஸ்ட் 12, புதன்

நான் பழைய நிறைக்குத் திரும்பினால் பின்னேர இறால் வடை இல்லை என்பது மனுசி பவானி போட்ட சட்டம். எண்பது கிலோவில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தேன். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிறகு பத்து வீதம் கூடினேன். அதை ஓர்ஸ் ஹில்லே சொல்லித் திரிந்தது.

"இஞ்சாருங்கோ, குறைஞ்சதும் பத்து, கூடினதும் பத்து. வடையை வையுங்கோ," என்றாள் இன்று, நான் வடையில் கை வைத்ததும்.

"எழுபத்திரண்டில பத்து வீதம் ஏழு கிலோ இருநூறுதானப்பா. இன்னும் எண்ணூறு கிராம் குறைவு."

விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். "ஓம், சரிதான். எண்பது கிலோவுக்கு எண்ணூறு கிராம் ஒரு வீதம். அப்ப வடையிலயும் ஒரு வீதம் உங்களுக்கு."

கிள்ளித் தந்த துணுக்கில் இறாலின் மீசை மட்டும் இருந்தது. மிச்சத்தை என் கண்முன்னே ரசித்துச் சாப்பிட்டாள். கணக்கில் பிழை பிடிக்க ஏலாது. விடியட்டும், அவளையும் நிறை பார்க்கிற மெஷினில் ஏற்றுகிறேன்.