ஐந்தில் ஒன்று நாய்

மயிலாப்பூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு உம்மே ஹானி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுதான் வீடியோவில் பார்த்தேன், கன்னம் கொஞ்சம் பூசியிருக்கிறது. இங்கே மாமிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். குர்ஆன் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று ஒரே சந்தோஷம். நம் மகள் ஜெர்மன் மொழியில் இருபது வரை எண்ணுகிறாள்; சிம்ராவுக்கு உங்களிடம் வரும் அவசரம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நான் ஆய்வகப் பேச்சை எடுத்தாலே "சிம்ராகிட்ட குடு" என்கிறீர்கள். மூன்று முறை ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாமியைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு மதியம்தான் அடையாறு ஆய்வகத்துக்குப் போனேன். கேட்டிலேயே வாட்ச்மேன் பீர் முஹம்மது பாய் நிறுத்தினார். "மேடம், ஒர்த்தர் காலைலேர்ந்து குந்திக்கினு கீறாரு. ஹம்மாத் சார பாக்கணும்ன்றாரு. அவரு ஃபாரின் போய்ட்டார்னா நம்ப மாட்டேன்றாரு" என்றார். போய்ப் பார்த்தால் சுயம்புலிங்கம் அண்ணன். மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கரட்டுக்காட்டில் தற்காலிகக் காவலராக இருந்துகொண்டு, நமக்காக வெயிலில் நடந்து ஓநாய் எச்சம் தேடிக் குப்பியில் போட்டு அனுப்பியவர். ஊரில் அவருக்குப் 'பீ பொறுக்கி' என்று பட்டப்பெயர் என்று நீங்கள்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

பையிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். உள்ளே ஸ்பிரிட்டில் ஒரு காது.

"யம்மா, இதையாவது நாயா ஓநாயான்னு சரியா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். அங்கே குவாரி திறக்கப்போகும் கம்பெனிக்காரர்கள் நம் அறிக்கையை டிசம்பரில் ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்களாம். ஓநாயும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் நாய் என்று சென்னையே சொல்லிவிட்டது என்று. பிறகு நாய் பிடிக்கிற ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒன்றும் சிக்கவில்லை. கோழிக்குடலில் விஷம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பெரியவை இரண்டு செத்தன, அதில் ஒன்றின் காதுதான் அது. "குட்டிங்க நாலும் வளைக்குள்ள கெடந்துச்சு. மூணு நாளு சத்தம் கேட்டுச்சும்மா. கைய விட்டுப் பாத்தேன், எட்டல" என்றார். ஒரு பெட்டை மட்டும் தப்பியிருக்கிறதாம், விடியற்காலையில் தனியாக ஊளையிடுகிறதாம். இல்லாத ஓநாய்க்குக் காவலர் எதற்கு என்று அவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காதை நானே சோதித்தேன். ஓநாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் பழைய கோப்பைத் திறந்தேன். அந்த ஐந்து எச்சங்களிலிருந்தும் மரபணுவைப் பிரித்துக் கொடுத்தவள் நான்தானே. வெளிப்பக்கத்தை மட்டும் சுரண்டு, மிருகத்தின் குடல் செல் அதில்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பதெல்லாம் அது தின்ற ஆடு என்று கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். முடிவைப் படிப்பது உங்கள் வேலை. என்ன வந்தது என்று அன்றைக்கு உங்களைக் கேட்டேன். "நாய்" என்றீர்கள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இதில் என் குற்றம் அது.

ஐந்தில் நான்கு ஓநாய். ஒன்றுதான் நாய், ஆட்டுக்காரர் யாரோ வளர்ப்பதாக இருக்கும். அறிக்கையில் நீங்கள் எழுதியது ஒரே வரி: 'அனுப்பப்பட்ட மாதிரிகளில் நாயின் மரபணு உறுதிசெய்யப்பட்டது.' இந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை மச்சான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை முறை அடித்து எழுதியிருப்பீர்கள் இதை?

அறிக்கையின் தேதி செப்டம்பர் ஒன்பது. நம் ஆய்வகத் தலைவர் வெங்கடேஷ் சார் உங்களுக்கு ஜெர்மனிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தது பதினொன்று. அந்தச் சனிக்கிழமைதான் தி.நகரில் மூன்று பேரும் ஸ்வெட்டர் வாங்கினோம். சிம்ரா வளருவாள் என்று அவளுக்கு இரண்டு அளவு பெரிதாக எடுத்தீர்கள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அன்றைக்கு.

வெங்கடேஷ் சாரிடமும் போய் நின்றேன். "ஊறுகா பாட்டில்ல வந்ததெல்லாம் சாம்பிளாம்மா? ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை தப்புன்னு காட்டு பாக்கலாம்" என்றார். காட்ட முடியவில்லை.

இருபதாம் தேதி பசுமைத் தீர்ப்பாயத்தில் குவாரியை எதிர்த்த வழக்கு வருகிறது. சுயம்புலிங்கம் அண்ணனுக்காக ஆழ்வார்பேட்டையில் தாரணி என்று ஒரு வக்கீல் வாதாடுகிறார். காது மட்டும் போதாது, முறையாகச் சேகரித்து அனுப்பிய அந்த ஐந்தின் முழு முடிவும் வேண்டும் என்கிறார்.

நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்களிடமிருந்து வந்தால் அதைத் திருத்தம் என்பார்கள். என்னிடமிருந்து வந்தால் அதற்கு வேறு பெயர். பதினெட்டாம் தேதி வரை காத்திருக்கிறேன். உங்களைப் பற்றித் தப்பான எண்ணம் என் மனதில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். கொஞ்சம் எனக்கு உதவி செய்யுங்கள்.

உங்கள்
உம்மே ஹானி


மயிலாப்பூர்
27 பிப்ரவரி 2025

ஹம்மாத் அவர்களுக்கு, ஸலாம்.

பதினேழாம் தேதி உங்கள் பதில் கிடைத்தது. விசா நேர்காணலுக்கு எல்லாப் பேப்பரையும் மறக்காமல் எடுத்துப் போ, மற்றதை நீ இங்கே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை தேடிப் பார்த்தேன், ஓநாய் என்ற சொல்லே அதில் இல்லை.

நேர்காணலும் இருபதாம் தேதி காலையில்தான். நான் தீர்ப்பாயத்துக்குப் போனேன்.

ஐந்து முடிவுகளையும் தாரணியிடம் முதல் நாளே கொடுத்திருந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து, இந்த அம்மா வெறும் டெக்னீஷியன், அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்றார். என் கணவர் என்றேன். கையெழுத்தை அடையாளம் காட்டச் சொன்னார்கள். விரலை வைத்துக் காட்டினேன்.

புதிதாக ஒரு கணக்கெடுப்பு முடியும் வரை குவாரி வேலைக்குத் தடை போட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் சுயம்புலிங்கம் அண்ணன் சந்தோஷப்படுவார் என்று முகத்தைப் பார்த்தேன். "தடை வந்துடுச்சும்மா. அந்தப் பொட்டைதான் பத்து நாளா சத்தத்தையே காணோம்" என்றார். கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு எச்சம் ஏதாவது கிடைக்கட்டும் என்று, சம்பளம் இல்லாமலே மறுபடி நடந்துகொண்டிருக்கிறார். நான் பதினைந்து குப்பிகள் வாங்கிக் கொடுத்தேன். இதுவரை எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன.

ஆய்வகத்துக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பீர் முஹம்மது பாய் என் டிபன் பாக்ஸையும் செருப்பையும் எடுத்து வந்து தெருமுனையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமியிடம் முழுவதும் சொன்னேன். மறைக்க மனது வரவில்லை. ஓதிக்கொண்டிருந்த குர்ஆனை மூடி வைத்தார். பிறகு, "சின்ன புள்ளைலயும் அவன் பொய் சொல்ல மாட்டாம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவான்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

எங்களுக்கு டிக்கெட் போட வேண்டாம். மாமி என்னோடு இருக்கிறார். சிம்ராவுக்கு இந்த வருடமும் இங்கேயே பள்ளிக்கூடம். அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். இனி நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் அல்லாஹ் நல்லதாக்கி வைப்பானாக.

உம்மே ஹானி